படத்துக்குத் தெரியாத அளவு

ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் இன்று காலை யாரோ அக்ரிலிக் தகடு அறுத்தார்கள். கொஞ்சம் தித்திப்பும் கொஞ்சம் கருகலுமாக அந்த வாசம் ஜன்னல் வழியே வந்தது. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, பந்தல்குடி போகும் சாலையில், லேத்துப் பட்டறை வாசலில் உன்னோடு நின்ற மத்தியானம் முன்னால் வந்து நின்றுகொண்டது.

கழற்றிப் போட்ட லாரி அச்சுகளுக்கு நடுவே நின்றபடி, கட்டைவிரல் நீளத்தில் ஓர் அக்ரிலிக் உருளையை நீ பட்டறைக்காரரிடம் நீட்டினாய். அதற்குள் ஒன்றைவிட ஒன்று சிறிதாகத் துளைகள் வேண்டும், கடைசித் துளையில் ஊசிதான் நுழைய வேண்டும் என்றாய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"எலிக்குண்ணே. எலிய ஸ்கேன் எடுக்குற மிஷினு ஒன்னு செய்யப் போறோம். அது ஒழுங்காப் பாக்குதான்னு சோதிக்கணும்ல, அதுக்கு இது பொம்ம எலி."

"நம்மூர்ல மனுசனுக்கு அந்த மாதிரிப் படம் எடுக்கணும்னா மருதைக்கு ஓடணும். எலிக்குத் தனி மிஷினா?"

அவர் சிரித்தார். நீயும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். வெயில் உன் கழுத்தில் விழுந்தது. அப்போது அங்கே எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது.

நாம் எப்படி ஒன்று சேர்ந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. நான் அருப்புக்கோட்டை டவுனில் தறிக்கார வீட்டுப் பையன். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நீ எம்.ரெட்டியபட்டிப் பக்கம். உன் அம்மா நீ பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனாள். அப்பா பருத்திக் காட்டுக் கூலியை விட்டுவிட்டு, லோனில் ஷேர் ஆட்டோ எடுத்து அருப்புக்கோட்டைக்கும் ஊருக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தோம், அவ்வளவுதான். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ வாசலிலேயே நின்று "அன்னம் தின்னாவா?" என்று என் அம்மாவைக் கேட்பாய். சோறு தின்றாயா என்ற அந்த ஒரு கேள்விதான் உனக்குத் தெரிந்த தெலுங்கு. அம்மா அதற்காகவே உனக்குத் தட்டு வைப்பாள்.

பிறகு இருவரும் சென்னைக்கு வந்தோம், ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே வேலையில். புதிய புற்றுநோய் மருந்துகளை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எலியின் உடம்புக்குள் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க, மனிதருக்கு இருப்பதுபோன்ற ஒரு ஸ்கேனர், ஆனால் மிகச் சிறியது, தேவைப்படும். ஊசியில் ஏற்றிய கதிர்மருந்து கட்டியில் போய்ச் சேர்ந்து கதிர்களை வெளியே அனுப்பும். வளையமாக நிற்கும் படிகங்கள் அவற்றைப் பிடிக்கும். அதிலிருந்து படம் வரும். அப்படி ஒரு வளையத்தைச் செய்வதற்கு முன்பே அதன் கண் எவ்வளவு கூர்மை என்று கணினிக்குள் கட்டிப் பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. வளையத்தை வரைந்து, நடுவே கணினி எலி ஒன்றைப் படுக்கவைத்து, கோடிக்கணக்கான கதிர்களை ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் எங்கே முட்டியது, எங்கே திரும்பியது, எங்கே மாட்டாமல் தப்பியது என்று பகடை உருட்டிப் பார்ப்பதுபோலக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கணினி எலி முதல் முறை திரையில் அசைந்த நாளில் நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

"ஏலே, இது மூச்சு விடுதுலே."

மூச்சு விடும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். விலா விரிந்தது, சுருங்கியது. பட்டாணி அளவு இதயம் துடித்தது. நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எத்தன தடவ ஓட்டுனாலும் இது சாகாதுல்ல?" என்று கேட்டாய். ஆடு மேய்த்து வளர்ந்தவன் நீ. கீழ்த்தளத்தில் எலிக் கூண்டுகள் இருந்த அறைக்கு ஒரு முறை போனவன், அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

நீ கண்டுபிடித்த குறை எனக்கு இன்றும் பாடம்போல் நினைவிருக்கிறது. வளையம் சிறியது, படிகங்கள் நீளமானவை. நடுவில் இருக்கும் புள்ளியிலிருந்து வரும் கதிர் நேராகப் படிகத்துக்குள் போகும். ஓரத்தில் இருக்கும் புள்ளியிலிருந்து வருவது சாய்ந்து நுழையும். ஒரு படிகத்தைத் துளைத்துப் போய்ப் பக்கத்துப் படிகத்தில் நிற்கும். கருவி அதைத் தப்பான இடத்தில் எழுதிக்கொள்ளும். நீ ஒரு சிறிய கட்டியை எலிக்குள் வைத்து, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலாப் பக்கம் நகர்த்தினாய். படத்தில் அது மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இல்லாமல் போனது. கட்டி அங்கேயேதான் இருந்தது. நாமே வைத்த கட்டி.

குழுத் தலைவர் நல்ல மனிதர். ஆனாலும் அவசரம் அவருக்கு. "நடுவில் எடுத்த அளவை மட்டும் அறிக்கையில் போட்டால் போதாதா? எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்?" என்றார்.

"எலி நடுவுல மட்டுமா சார் இருக்கும்?" என்றாய்.

அவர் அறிக்கையை மறுபடி எடுத்துப் புரட்டினார். பிறகு, ஓரத்து அளவையும் சேர்க்கச் சொன்னார். வளையத்தை அகலமாக்கி, படிகத்தைக் குட்டையாக்கி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டிவந்தது. அந்த மாதங்களில்தான் உன் கழுத்தில் கட்டி தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடும்போது விரலில் பட்டது என்றாய். என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். ரப்பர்போல உருண்டது. நிணநீர்ப் புற்று என்றார்கள்.

மதுரையில் வைத்தியம் நடந்தது. முடி போயிற்று, வாயெல்லாம் புண்ணாயிற்று. கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாட்களில் ஊரில் இருந்தபடியே போன் டவரைப் பிடித்து, சென்னைக் கணினியில் எலியை ஓடவிட்டுக்கொண்டிருந்தாய். வைத்தியம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். உன் அப்பா காதில் முதலில் சொன்னது மட்டும்தான் விழுந்தது.

திருச்சுழிப் பக்கத்தில் உங்கள் சாமிக்குக் கிடா வெட்டினார். நானும் வந்திருந்தேன். உன் அப்பா வெள்ளை வேட்டியில் இலைக்கு இலை நடந்து, "படம் எடுத்துப் பாத்தாச்சு. ஒரு புள்ளி இல்ல. சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யார்யாரோ உன் தலையைத் தடவிப் பார்த்தார்கள். முடி புதிதாக முளைத்திருந்தது. நீ சிரித்தபடி குனிந்து கொடுத்தாய்.

சாப்பாடு முடிந்து காய்ந்த கண்மாய்க்குள் நடந்தோம். சீமைக்கருவேலம் நிழலே தரவில்லை. நீ ஒரு கல்லில் உட்கார்ந்தாய்.

"அந்த ஆஸ்பத்திரி மிஷினு எம்புட்டுச் சின்னத வரைக்கும் பாக்கும்னு ஒனக்குத் தெரியும்லலே?"

"தெரியும்."

"நிலக்கடலப் பருப்பு அளவு இருந்தாக் காட்டும். கம்பு மணியளவு இருந்தாக் காட்டாது. எங்கப்பா ஒரு புள்ளி இல்லங்கிறாரு. புள்ளி தெரியலங்கிறதுதான் நெசம்."

"இல்லாமலும் இருக்கலாம்லலே. நெறயப் பேருக்கு அதோட போயிருதுல்ல."

"இருக்கலாம். நானும் அதத்தான் சொல்றேன். இருக்கலாம்."

உன் முகத்தில் பயம் தெரியவில்லை. ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தியவனின் எரிச்சல்தான் தெரிந்தது.

அடுத்து உனக்குப் பெண் பார்த்தார்கள். நரிக்குடி. செல்வி என்று பேர். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். உனக்கு ஏதோ கட்டி வந்து குணமாகிவிட்டது என்று மட்டும் அவர்கள் வீட்டில் தெரியும். பூ வைக்க நாள் குறித்தார்கள். அதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றாய். பஸ்ஸில் வழியெல்லாம் நான் வேண்டாம் என்றேன். டாக்டரே சொல்லாததை நீ ஏன் சொல்ல வேண்டும் என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நடுவுல எடுத்த அளவ மட்டும் காட்டச் சொல்றியா?" என்றாய்.

கூல்டிரிங்ஸ் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். செல்வி மருந்துக் கடை மேல்சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். நீ எதையும் சுற்றி வளைக்கவில்லை. என்ன நோய், என்ன வைத்தியம், படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எல்லாவற்றையும் சொன்னாய். அவள் ஸ்ட்ராவால் பாட்டிலைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"திரும்பி வருமா?"

"தெரியாது. வராமலும் போகலாம்."

"அப்ப ஒன்னுமே தெரியலன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமாங்க. தெரியலங்கிறத தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணணும்."

அவள் முதல் முறையாக உன்னை நேராகப் பார்த்தாள். "எங்க அப்பாகிட்ட?"

"இப்ப அங்கதான் போறோம். மொதல்ல ஒங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

எழுந்திருக்கும்போது என் போன் நம்பரை அவளிடம் கொடுக்கச் சொன்னாய். "ஏதாச்சும் கேக்கணும்னா இவன்கிட்டக் கேளுங்க. எங்கிட்டக் கேட்டா நான் எனக்குச் சாதகமாச் சொல்லிருவேன்." அவள் சிரித்துவிட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனாள். அவள் அப்பாவிடமும் அதையே சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறினோம்.

சில நாட்களில் அவளுடைய சித்தப்பா உன் ஊருக்கு வந்து, இது சரிப்படாது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா அன்று ஆட்டோ எடுக்கவில்லை. நான் உன் வீட்டில்தான் இருந்தேன்.

"டாக்டரு இல்லங்குறாரு. மிஷினு இல்லங்குது. நீ மட்டும் இருக்குங்கிறியா?"

"இருக்குன்னு சொல்லலப்பா. இல்லன்னு சொல்ல முடியாதுன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒன்னுதான்டா! ஒன்னயப் படிக்க வச்சேன் பாரு, எலியோட சேந்து எலியாவே ஆயிட்ட. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் ஒரு பொம்பளப்புள்ள இந்த வீட்டுல வெளக்கேத்தியிருக்கும்."

அவர் அதோடு உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நீ ஊருக்கு வந்தால் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுவாராம். அவர் ஆட்டோவிலேயே டவுனுக்கு வருவாயாம், மற்றவர்களைப்போல இறங்கிப் போவாயாம். இதையெல்லாம் நீ சென்னையில் சோறு பிசைந்துகொண்டே சொல்வாய், யாரோ வீட்டுக் கதைபோல.

இரவு வியர்வை திரும்ப ஆரம்பித்தது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. மதுரையில் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் திரையில் தெரிந்ததை நீயே எட்டிப் பார்த்தாய். கழுத்தடியில் காறை எலும்புக்குப் பின்னால் ஒன்று, வயிற்றில் சில.

"கடலையாயிருச்சுலே" என்றாய்.

உன் அப்பா சுவரோரம் நின்றிருந்தார். டாக்டர் சொன்னதெல்லாம் முடிந்தபின் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வார்த்தை, "பசிக்குதாடா?"

நீ "ஆமாப்பா" என்றாய். பசித்திருக்காது என்று எனக்குத் தெரியும். கேண்டீனில் உனக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார். நீ எல்லாவற்றையும் தின்றாய். வராண்டா வாளியில் போய் வாந்தி எடுத்தாய், அவருக்குத் தெரியாமல்.

இரண்டாவது வைத்தியம் கேட்கவில்லை. வெயில் ஏறிய நாட்களில் உன்னை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் ஒரு பக்கமாகவே படுத்திருந்தாய். கழுத்து வீங்கி, குரல் காற்றாக வந்தது. செல்வியைப் பற்றி நீயாகத்தான் எடுத்தாய்.

"அந்தப் புள்ள சரியா முடிவு பண்ணிச்சு. நல்லவேள."

நான் தலையாட்டினேன். பேச்சை மாற்றக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். புதிய வளையத்துக்கு எல்லாம் ஓட்டி முடித்துவிட்டோம், இப்போது விலா ஓரத்துக் கட்டியும் தெரிகிறது, கருவியைக் கட்டச் சொல்லி ஒப்புதல் வந்துவிட்டது என்றேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய்.

"எலிக்காச்சும் நல்லாத் தெரியட்டும்" என்றாய்.

அந்த வாரமே போய்விட்டாய். மண்ணே வெடித்துக் கிடந்த நாள். பந்தலில் போட்ட தகரம் சூடேறி, கீழே ஒருவரும் உட்கார முடியவில்லை. உன் அப்பா மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த மடலை நான் எழுத வேண்டிவந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. போன மாதம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நரிக்குடி செல்வி பேசுறேன். அன்னைக்கு நம்பரு குடுத்தீகள்ல. அவுக எப்படி இருக்காக?"

சொன்னேன். பின்னணியில் யாரோ மாத்திரை கேட்டார்கள். அவள் போனைக் கையால் பொத்தி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எனக்குக் கல்யாணம் வச்சிருக்காக. அதுக்கு முன்ன ஒரு தடவ கேட்டுரணும்னு இருந்துச்சு. அண்ணே, நான் சரின்னுதான் சொன்னேன். வீட்லதான் விடல. சித்தப்பா அங்க வந்து என்ன சொன்னாகன்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னதா அவுக நெனச்சுக்கிட்டாகளா?"

"ஆமா" என்றேன். வேறு எதைச் சொல்வது? அவள் அழவில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

அவள் யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துக்கொண்டே போனாயே, அது அவள் முடிவு இல்லை. படத்துக்குத் தெரியாததை நீ சொல்லக் கேட்டபின்னும் அவள் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். உனக்கு அது தெரியாமலே போயிற்று. தெரிந்திருந்தால் அந்தக் கடைசி மாதங்கள் லேசாகியிருக்குமா, இன்னும் கனத்திருக்குமா? அதை எந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது?

உன் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் குழம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை போயிருந்தபோது அவர் ஆட்டோவிலேயே ஏறி, முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் இறங்கிப்போய், ஊருக்கு முந்தின வளைவில் நாங்கள் இருவரும் மட்டும் ஆனபோது சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உழுது போட்ட கரிசல், விதைக்காமல்.

"அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏன் தம்பி, எம்புட்டோ கணக்குப் போடுறீக. அவன் போட்ட கணக்கு ஒரு தடவயாச்சும் தப்பாப் போயிருக்கக் கூடாதா?"

பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்தது. அவர் கியரை மாற்றி வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் நான் இறங்கியபோது காசு வாங்கவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

இப்போது நான்தான் உன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வேறொரு கருவி, வேறொரு வளையம். எலிக்குள் ஒரு கட்டியை வைத்து ஓரத்துக்கு நகர்த்துகிறேன். அது எங்கே மறையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறேன். எண்கள் வந்து விழும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நான் கணக்கிட்டது பொய்யாகிவிட வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது. இந்த வேலைக்கு ஆகாத வேண்டுதல் அது. விட முடியவில்லை.